‘இந்த வீட்டுல இருந்து படிக்க முடியல!’ - ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் சாய்ஸ் ஃபில்லிங் பற்றிப் பேசுகிற எல்லோரும் கட்-ஆஃப், பிராஞ்ச், பிளேஸ்மென்ட் என்றுதான் பேசுவார்கள். ஆனால், சிலருடைய பட்டியல் மட்டும் கொஞ்சம் விநோதமாக இருக்கும். வீடு திருச்சியில் இருக்கும். அந்த மார்க்குக்கு திருச்சியிலேயே நல்ல கல்லூரி கிடைக்கும். ஆனால் பட்டியலின் முதல் பத்து இடத்தில் கோவை, சென்னை, திருநெல்வேலி. ஏன்னு கேட்டால், ‘அங்கே பிளேஸ்மென்ட் நல்லாருக்கு’ என்று பதில் வரும். ‘வீட்டுலேருந்து குறைஞ்சது 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கு’ என்பதுதான் உண்மையான காரணம். அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. சொல்லாமலே கிளம்ப ஒரு நல்ல வழி, இந்தப் பட்டியல்.

இந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் நிலைமைதான் சிக்கல். ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை, மார்க் வரவில்லை, ‘பொம்பளப் புள்ளையை அவ்ளோ தூரம் அனுப்ப முடியாது’... ஏதோ ஒரு காரணத்தால் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து, காலையில் கிளம்பிப்போய் சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம் என்கிறது 2021-22-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. தேசிய சராசரி 28.4 தான். நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய எண். ஆனால் காலேஜ் வாசல்வரை வந்துவிட்ட அந்தப் பிள்ளை, ராத்திரி எந்த வீட்டில், எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

‘சண்டை இல்லாத வீடு எங்க இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று சொல்பவர்களுக்கு இன்னொரு எண். 2022-ல் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகப் பதிவு செய்திருக்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அந்த ஆண்டு எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், தற்கொலைக்கான முதல் காரணம் குடும்பப் பிரச்னைகள். 31.7 சதவிகிதம். இரண்டையும் நேரடியாக முடிச்சுப் போட முடியாதுதான். ஆனாலும் வீட்டுப் பிரச்னையை ‘சின்ன விஷயம்’ என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இதுபோதும்.

அப்போ கிளம்பிடலாமா? ரீல்ஸைக் கேட்டால், ‘டாக்ஸிக் ஃபேமிலியை கட் பண்ணு’ என்று 30 செகண்டில் தீர்ப்பு கிடைக்கும். அப்படிப் பேசுகிற பலருக்கும் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி என்று ஒன்று காலண்டரில் கிடையாது. உங்களுக்கு இருக்கு. ஒருபக்கம் வீடு எவ்வளவு மோசம் என்று பாருங்கள். அதே அளவுக்கு, நீங்கள் கிளம்பிய மறுநாள் உங்க டிகிரி யார் கையில் இருக்கும் என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது கேள்விதான் முடிவை எடுக்கும்.

வீட்டைவிட்டுப் போக மூணே மூணு வினைச்சொல்!

நம்ம ஊரில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே போவதைச் சொல்ல மூன்று விதமான சொல்தான் புழக்கத்தில் இருக்கு. ‘படிக்கப் போயிருக்கா’, ‘கட்டிக் குடுத்தாச்சு’, ‘ஓடிப்போயிட்டா’. ‘நிம்மதிக்காகத் தனியா தங்கியிருக்கா’ என்று ஒரு நான்காவது வாக்கியத்தை எந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் சொல்ல மாட்டார். பையன்களுக்கு விஷயம் வேறு. அவர்கள் ‘கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்’. இந்தச் சொல்லிலேயே திரும்பி வருவதற்கான கதவும் இருக்கு. கோபம் தீர்ந்தால் வந்துவிடலாம், அம்மா சோறு போட்டுவிடுவார். ‘ஓடிப்போயிட்டா’ என்ற சொல்லில் அந்தக் கதவு இல்லை.

அதனால்தான் பெண்கள் பெரும்பாலும் ‘படிக்கப் போயிருக்கா’ என்ற முதல் சொல்லுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வெளியேறுகிறார்கள். தூரத்துக் கல்லூரி, பி.ஜி-க்கு வேறு ஊர், இன்டர்ன்ஷிப், கோச்சிங் கிளாஸ். இதைப் பொய் என்று குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை. படிக்கத்தானே போகிறீர்கள்? ஒரே ஊரில் இருந்துகொண்டு, இரண்டாம் வருஷம் பாதியில், ‘நான் ஹாஸ்டலுக்குப் போறேன்’ என்று சொல்வதுதான் கஷ்டம். அங்கே எந்தக் காரணமும் காரணமாக எடுபடாது. ‘வீடு இங்க இருக்கும்போது எதுக்கு ஹாஸ்டல்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னால், வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

உங்க வீடு எந்த வீடு?

‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே வார்த்தைக்குள் பல வீடுகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில், அடி விழுகிற வீடு. அல்லது உறவினர் யாராவது தொடுகிற வீடு. படிப்பை நிறுத்தி உடனே கல்யாணம் என்று மிரட்டுகிற வீடு. போனைப் பிடுங்கி, ரூமில் பூட்டுகிற வீடு. இங்கே ‘போகலாமா வேண்டாமா’ என்ற கட்டுரையே தேவையில்லை. முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் செமஸ்டர். 181 என்ற பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 18 வயது ஆகாதவர் என்றால் 1098. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிகளுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் அது பொருந்தும். அடி மட்டுமல்லாமல் வார்த்தையால் வதைப்பது, பணத்தை முடக்குவது எல்லாமே அதன் வரையறைக்குள் வரும். தேவைப்பட்டால் வேறு இடத்தில் தங்குவதற்கு ஏற்பாடு செய்யவும், அதற்கு வாடகை கொடுக்கவும்கூட மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட முடியும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். பையன்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. ஆனால் அடி என்பது அப்பா அடித்தாலும் அடிதான், போலீஸில் புகார் கொடுக்க முடியும்.

அடுத்தது, சத்தமான வீடு. ரெண்டு ரூம், அஞ்சு பேர், ஹாலில் சீரியல், ‘இன்னும் எந்திரிக்கலையா’ தொடங்கி ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு ஐ.டி-யில சேர்ந்துட்டா’ வரை ஒரு நாளைக்கு நாற்பது கமென்ட். எரிச்சல் வரும், அழுகைகூட வரும். ஆனால் மாசம் பத்தாயிரம் செலவு செய்து தீர்க்க வேண்டிய பிரச்னையா என்றால், என் பதில்: பெரும்பாலும் இல்லை. உங்களுக்கு வேண்டியது வேறு வீடு என்பதைவிட, ஒரு நாளில் நாலைந்து மணி நேரம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் படிக்கவே தனிப் பிரிவு இருக்கு. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அப்படித்தான், கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகமும் இருக்கு. சின்ன ஊர் என்றால் மாவட்ட மைய நூலகம், காலேஜ் லைப்ரரி. காலேஜ் முடிந்து அங்கே போய், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனால், அந்த நாற்பது கமென்ட் பத்தாகும். ரெண்டு மாசம் இதை முயற்சி செய்து பார்த்தும் தூக்கம் வரவில்லை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால், அது வெறும் சத்தம் இல்லை. அப்போது வேறு முடிவு எடுக்கலாம்.

மூன்றாவது வகைதான் யாரும் சரியாகப் பேசாதது. அங்கே உங்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த வீடு நிற்பதே உங்கள் மேல்தான்.

அப்பா குடிக்கிறார். (2023-24-ல் டாஸ்மாக் வருமானம் மட்டும் 45,855 கோடி ரூபாய். அந்தக் கோடிகள் எல்லாம் எங்கிருந்தோ வந்ததில்லை, இப்படிப்பட்ட வீடுகளின் வழியாகவும்தான் வந்தன.) ராத்திரி ஒன்பது மணிக்கு கேட் சத்தம் கேட்டதும், அவர் எந்த மூடில் வருகிறார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது பெரிய பொண்ணு. தம்பியை உள் ரூமுக்கு அனுப்புவது அவள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்பது அவள். மறுநாள் காலையில் அப்பாவிடம் அம்மாவுக்காகவும், அம்மாவிடம் அப்பாவுக்காகவும் பேசுவதும் அவளே. கரன்ட் பில் கட்டுவது, பாட்டியை ஜி.எச்-க்கு கூட்டிப் போவது, ரேஷன் கடை எல்லாமே. இவ்வளவுக்கு நடுவில்தான் இன்டர்னல்ஸுக்குப் படிக்க வேண்டும். பையன்களிலும் இப்படி இருக்கிறார்கள். 19 வயசில் அப்பாவைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டி வருகிற பையனிடம், ‘ஏன்டா அரியர் வச்சிருக்க?’ என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?

இந்தப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் என்று யோசிக்கும்போதே தொண்டையை அடைப்பது ஒரே ஒரு கேள்வி. ‘நான் போயிட்டா அம்மாவை யார் பார்த்துப்பா?’

இதற்கு ரீல்ஸில் வருகிற பதில், ‘அது உன் பொறுப்பு இல்லை’. சரியான வாக்கியம்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத வாக்கியம். அதைவிட உபயோகமானது, நீங்கள் வீட்டில் செய்கிற வேலைகளை உண்மையிலேயே ஒரு பேப்பரில் எழுதிப் பார்ப்பது. எழுதினால் அதில் பாதி, நீங்கள் இல்லாவிட்டால் வேறு ஒருவர் செய்துவிடக்கூடியது. கரன்ட் பில்லை ஹாஸ்டலில் உட்கார்ந்தே கட்டலாம். ரேஷன் கடைக்குத் தம்பி போகலாம், போக மாட்டான் என்றால் போகப் பழகட்டும். மீதமிருப்பது ஒன்றுதான்: சண்டைக்கு நடுவில் நிற்பது. அதற்கு மாற்று ஆள் தேவை. சித்தியோ மாமாவோ, எதிர்வீட்டு அக்காவோ, சத்தம் கேட்டால் வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவர். அவர்களிடம் நீங்கள் முன்னாடியே பேசி வைக்க முடியும். அம்மாவின் போனில் 181-ஐ சேவ் பண்ணி வைக்க முடியும். நீங்கள் நடுவில் நின்றதால் சண்டை நின்றுவிட்டதா, அல்லது மறுநாளைக்குத் தள்ளிப்போனதா என்பதையும் நேர்மையாக யோசிக்கலாம். பல வீடுகளில், நடுவில் ஒரு பிள்ளை நிற்பதாலேயே பெரியவர்கள் எந்த முடிவும் எடுக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

ஆனால், இதற்கு ஒரே விடை இல்லை. அம்மாவின் உயிருக்கே ஆபத்து என்றால் நீங்கள் மட்டும் வெளியேறுவது தீர்வாகாது. அங்கே அம்மாவோடு சேர்ந்து உதவி கேட்பதுதான் வழி. அப்படி இல்லை என்றால், மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து டிகிரி முடித்து வேலைக்குப் போகிற மகளால் அந்த அம்மாவுக்குச் செய்ய முடிவது, மூணு அரியரோடு வீட்டில் நிற்கிற மகளால் செய்ய முடிவதைவிட அதிகம்.

பத்தாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்?

சரி, போவது என்று முடிவு. இப்போது கணக்கு. சென்னையில் மூணு பேர், நாலு பேர் ஷேரிங்கில் சாப்பாட்டோடு ஒரு சாதாரண பி.ஜி-க்கு மாசம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏரியாவைப் பொறுத்துக் கூடும், குறையும். ரீசார்ஜ், சோப்பு, பேட், பஸ், ஜெராக்ஸ், சாப்பாடு வாயில் வைக்க முடியாத நாட்களுக்கு ஒரு பரோட்டா, ஒரு காய்ச்சல். கையைக் கடித்துக்கொண்டு செலவு பண்ணினாலும் பத்தாயிரத்தை நெருங்கும். சேரும்போது ஒரு மாச அட்வான்ஸ் தனி.

வரவு? அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாசம் 1,000 ரூபாய் நேராக உங்க வங்கிக் கணக்கில் வரும். முதலாவது 2022 செப்டம்பரில் தொடங்கியது, இரண்டாவது 2024 ஆகஸ்டில். வார இறுதியில் கேட்டரிங் சர்வீஸுக்குப் போனால் ஒரு நாளைக்கு 600 என்று எட்டு நாளுக்கு 4,800. ரெண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் ஒரு 3,000. கூட்டினால் 8,800. பத்தாயிரத்துக்கு 1,200 துண்டு விழும். அதற்கே எட்டு வார இறுதி நாட்களும், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் போய்விட்டது. இதில் காலேஜ் ஃபீஸ் சேரவே இல்லை.

டிகிரி வழுக்கி விழுகிற இடம் இதுதான். யாரும் ஒரே நாளில் காலேஜை விட்டு நிற்பதில்லை. ராத்திரி டெலிவரி வேலை, காலையில் முதல் ஹவர் போகும். அப்புறம் ரெண்டு ஹவர் போகும். அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும். கண்டோனேஷன் கட்டி ஒரு செமஸ்டரைத் தாண்டலாம். அடுத்த செமஸ்டரில் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஆகவே ‘பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்கலாம்’ என்பதை முழுத் திட்டமாக வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். குறைந்தது ஃபீஸாவது வேறு வழியில் உறுதியாக இருக்கணும்.

அந்த வேறு வழி பெரும்பாலும் அப்பாதான் என்பது இதன் கொடுமை. சட்டத்தைக் கேட்டால், 18 வயது தாண்டிய மகனைப் படிக்க வைத்தே ஆக வேண்டும் என்று பெற்றோரைப் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. கல்யாணமாகாத இந்து மகளுக்கு மட்டும், தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத நிலையில், 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் அதற்குக் கோர்ட் படி ஏற வேண்டும். ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி கோர்ட்டுக்காகக் காத்திருக்காது. கல்விக் கடனில் ஹாஸ்டல் கட்டணத்தையும் சேர்க்க முடியும். ஆனால் வழக்கமாக அதிலும் கூட்டுக் கடனாளியாக அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்து வேண்டும். அதனால் கோபத்தில் எல்லாப் பாலத்தையும் உடைத்துவிட்டுக் கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவிடமாவது ஒரு இழை இருக்கட்டும். கையெழுத்துக்காக மட்டுமில்லைதான், ஆனால் கையெழுத்துக்காகவும்.

ஃபைலை முதலில் பத்திரப்படுத்துங்க

இன்னொரு விஷயம், பேப்பர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக். இவை எல்லாம் பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில், ஒரு நெகிழிக் கவரில் இருக்கும். சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினால் அந்தக் கவர் கிடைக்காது. ‘ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணணும்’ என்று சொல்லி எடுத்து ஸ்கேன் பண்ணி வையுங்கள், டிஜிலாக்கரில் கிடைப்பதை ஏற்றிவிடுங்கள். பேங்க் அக்கவுன்ட்டில் அப்பாவின் நம்பர் இருந்தால் உங்க நம்பருக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு ரூபாய் எடுக்கும்போதும் அவருக்கு மெசேஜ் போனால், நீங்கள் எங்கே போயும் பிரயோஜனமில்லை.

50 ரூபாயில் மூணு வேளை!

எல்லோரும் பி.ஜி பற்றியே பேசுகிறோம். அரசு விடுதிகளைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள் எத்தனையோ தலைமுறை. 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் வைப்பதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு மாவட்ட நிர்வாகங்கள் வெளியிடும் அறிவிப்புகளைப் பாருங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: இந்தத் தொலைவு விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. அதாவது, கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருந்தாலும் ஒரு மாணவி விண்ணப்பிக்கலாம். வீடு பக்கத்தில் இருந்தும் வீட்டில் இருக்க முடியாத பெண்களுக்கு, இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய கதவு! பையன்களுக்கு அந்தக் கதவு 8 கிலோமீட்டர் தள்ளிதான் திறக்கிறது.

சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி விடுதி மாணவர்களுக்கான மாத உணவுப் படி 2023-ல் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூணு வேளைக்கு. டீக்கடையில் ரெண்டு டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டாலே அந்தக் காசு ஆகிவிடும். பெயரை மாற்றிய வேகத்தில் இந்தத் தொகையையும் மாற்றியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனாலும் வாடகையும் சாப்பாடும் இல்லாமல் ஒரு மாணவருக்கு மிச்சமாகும் பணம், ஃபீஸ் கட்டுவதற்கும் ஃபெயிலாகாமல் இருப்பதற்குமான வித்தியாசம்.

தனியார் விடுதி என்றால், தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். ‘லைசென்ஸ் இருக்கா’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்துப் பெண்கள் உயிரிழந்தார்கள். வைஃபை ஸ்பீடைப் பார்க்கும் முன் மாடிப்படி எத்தனை இருக்கு, ராத்திரியில் வெளிக்கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும் என்று பாருங்கள். பில்லில் ஜி.எஸ்.டி போட்டால் கேளுங்கள்: மாசம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்குபவர்களுக்கு வரி இல்லை என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி கவுன்சில் முடிவெடுத்தது.

ஹாஸ்டலும் இன்னொரு வீடாகிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கேரளாவில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் சாயங்காலம் குறிப்பிட்ட நேரம் போன் பயன்படுத்தத் தடை போட்டதை எதிர்த்து ஒரு மாணவி கோர்ட்டுக்குப் போக, 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கேட் டைம், அவுட்பாஸ், அப்பாவுக்குப் போகிற எஸ்.எம்.எஸ். இதையெல்லாம் சேரும் முன்பே விசாரியுங்கள்.

‘பொண்ணைக் காணோம்’னு புகார் கொடுத்தா?

18 வயது நிறைந்தவர் எங்கே தங்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. இதைப் பெற்றோர் மட்டுமில்லை, சில சமயம் ஸ்டேஷனிலேயே ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள். ஹாதியா வழக்கு ஞாபகம் இருக்கா? சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரள மாணவி. அவருடைய திருமணம் பற்றிய வழக்காகத்தான் அது உச்ச நீதிமன்றம் போனது. 2017 நவம்பரில் நீதிபதிகள் அவரை நேரில் அழைத்துக் கேட்டுவிட்டு, பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, படிப்பை முடிக்கச் சேலம் கல்லூரிக்கு அனுப்பினார்கள். தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ‘காணவில்லை’ என்று புகார் வந்து, விசாரணையில் அவர்கள் சம்மதத்துடன் இருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார்.

நடைமுறையில் இவ்வளவு தூரம் போகாமல் இருப்பதுதான் நல்லது. சொல்லாமல் கிளம்புவது ஆபத்து இருக்கிற வீட்டுக்கு மட்டும். மற்றவர்கள், சொல்லிவிட்டே கிளம்புங்கள். சண்டை நடக்கிற ராத்திரியில் சொல்லாதீர்கள், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லுங்கள். ‘உங்களோட இருக்க முடியல’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடியும். ‘ரெண்டு சப்ஜெக்ட் போயிருச்சு, ஒரு செமஸ்டர் மட்டும் ஹாஸ்டல்ல இருந்து பார்க்கிறேன்ம்மா’ என்று ஆரம்பித்தால், அம்மா அப்பாவிடம் எடுத்துச் சொல்ல அவருக்கும் ஒரு வாக்கியம் கிடைக்கும். இதற்கும் முன்னால், மனசு ரொம்பக் கனமாக இருந்தால் 14416-க்கு போன் பண்ணலாம். இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும். முடிவை அவர்கள் எடுத்துத் தர மாட்டார்கள். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு பேகை எடுத்துக்கொண்டு கிளம்பும் முடிவைக் காலைவரை தள்ளிவைக்க உதவுவார்கள்.

கடைசியாக, திட்டம் போடுகிற பலரும் விட்டுவிடுகிற ஒன்று: லீவு. செமஸ்டர் முடிந்ததும், தீபாவளி, பொங்கலுக்கும் பல ஹாஸ்டல்களில் மெஸ்ஸை மூடிவிடுவார்கள், ‘எல்லாரும் ஊருக்குக் கிளம்புங்க’ என்று வார்டன் நோட்டீஸ் ஒட்டுவார். மே மாசம் முழுசாக இருக்கு. அந்த நாட்களுக்கு எங்கே தங்குவது? தோழி வீடா, பெரியம்மா வீடா, லீவிலும் மூடாத பி.ஜி-யா, இல்லை நாலு நாள் மட்டும் அந்த வீட்டுக்கே போய்விட்டு வர முடியுமா? ஹாஸ்டலில் சேரும் அன்றைக்கே இதற்கும் ஒரு பதிலோடு போங்கள். முதல் செமஸ்டர் பரீட்சை முடிகிற நாள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.